செவலைக் கோழியின் இறந்த தேதி

பிள்ளைகளே, ஒரு விடுகதை. எந்த வருடத்திலும் வராத ஒரு நாளில் சாகப்போகிற உயிர் எது? விடையை இப்போதே சொல்ல வேண்டாம். அதற்கு உரிய அனுமதி இன்னும் வரவில்லை.

பெங்களூரு ஜீவனஹள்ளியில் சிந்தியா என்ற ஒன்பது வயதுச் சிறுமி மொட்டைமாடியில் ஆறு கோழிகள் வளர்த்தாள். அவற்றில் செவலை இரண்டு நாளாக இரை எடுக்காமல் கழுத்தைத் தொங்கப்போட்டது. வைரஸ் நோயா, பாக்டீரியா நோயா என்று தெரிந்தால்தான் மற்ற ஐந்தையும் காப்பாற்ற வழி தெரியும். அப்பா பால்ராஜ் பொம்மசந்திரா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, செவலையைக் கூடையில் வைத்து, மகளோடு கோழி நோய் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்.

எழுத்தர் முனிராஜ் கணினியில் பெயர், நிறம், எடை எல்லாம் பதிந்துகொண்டார்.

"இறந்த தேதி?"

"உயிரோட இருக்கு சார்," என்றார் பால்ராஜ். செவலை ஒரு கண்ணைத் திறந்து அதை உறுதி செய்தது.

"இருக்கட்டும். தேதி சொல்லுங்க. அந்தக் கட்டம் காலியா இருந்தா நம்பர் வராது. நம்பர் இல்லாம லேப்ல தொடமாட்டாங்க."

"செத்த பிறகு டெஸ்ட் பண்ணி என்ன சார் பிரயோஜனம்?"

"தேதி போட்டா இன்னைக்கே டெஸ்ட். வியாழக்கிழமை போடவா? அன்னைக்கு அறுத்துப் பாக்கற டேபிள் காலியா இருக்கு."

சிந்தியா கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "வியாழக்கிழமை அது சாகலன்னா?"

"மெமோ குடுப்போம் பாப்பா." போன மாதம் ஒரு சேவலுக்குக் கொடுத்த நகலைக் காட்டினார்:

'தாங்கள் குறிப்பிட்ட தேதியில் இறக்கத் தவறியதோடு, முன்னனுமதி ஏதுமின்றித் தொடர்ந்து உயிர்வாழ்ந்து வருவது இந்நிலையத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. ஏழு நாட்களுக்குள் தக்க விளக்கம் அளிக்கவும்.'

"விளக்கம் குடுத்துச்சா?"

"கூவிச்சு. கன்னடத்துலயும் இல்ல, இங்கிலீஷ்லயும் இல்ல. ஏத்துக்கல. டேபிளுக்கு அனுப்பிட்டோம்."

சத்தம் கேட்டு இயக்குநர் கிருஷ்ணப்பா வெளியே வந்தார். "இது பன்னிரண்டு நிபுணர்கள் உக்காந்து பண்ண ஃபாரம். இங்க செத்த கோழிதான் வரும். நீங்க சீக்கிரம் வந்தா அதுக்கு ஃபாரம் என்ன செய்யும்?"

சிந்தியா கேட்டாள்: "தேதிய நானே சொல்லலாமா அங்கிள்?"

"தாராளமா. ஞாயித்துக்கிழமை கூடாது. அரசு லீவு நாளும் கூடாது."

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்து ஒரு தேதியைச் சொன்னாள். பால்ராஜ் இருமினார்.

இயக்குநர் விடுமுறைப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். அந்த நாள் அதில் இல்லை. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளையும் பார்த்தார். அங்கும் இல்லை. திருப்தியோடு கையெழுத்துப் போட்டார். அன்று டேபிளைக் கழுவி வைக்கவும், அதிகாரிகள் அனைவரும் தவறாமல் ஆஜராகவும் சுற்றறிக்கை போகட்டும் என்றார். அன்றைக்கு மச்சினன் வீட்டு விசேஷம் என்று முனிராஜ் லீவு கேட்டார். கிடைக்கவில்லை.

வரிசையில் பின்னால், பையில் செத்த கோழியோடு நின்றவரும் தனக்கும் அதே தேதி வேண்டும் என்றார்.

கணினி நம்பர் கொடுத்தது. லேப் ஆள் வந்து, செவலையின் வாயில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்துக்கொண்டு போனார்.

சிந்தியா தேர்ந்தெடுத்த தேதி பிப்ரவரி முப்பது.