அம்மாவின் பிரஷ் எந்தத் தொட்டியில்?

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், நீங்கள் வாண்டு என்று கூப்பிடும் என் ஏழு வயது மகளும், மண்புழுக்களும் நலம். அங்கு தங்கள் நலத்தையும் தங்கள் முழங்காலின் நலத்தையும் அறிய ஆவல்.

போன திங்கட்கிழமை தண்ணீர் எடுக்க எங்கள் பிரிட்ஜைத் திறந்த தாங்கள், "இது வீடா, குப்பைக் கிடங்கா? ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன், பிள்ளைய என்கூட அனுப்பிடு" என்றீர்கள். எனக்குப் பதில் வரவில்லை. தங்கள் தங்கை நம்மை விட்டுப் போன இந்த ஐந்து மாதமாக எனக்கு எதற்குமே பதில் உடனே வருவதில்லை. பட்டனை அழுத்திவிட்டு மறந்துபோன பிறகு வந்து நிற்கிற லிஃப்ட் மாதிரி ஆகிவிட்டேன். ஆகவே எழுத்து மூலம் விளக்கம் தருகிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலம் பள்ளிக்கூடம். வீட்டுக் குப்பையைப் பிரித்து வைக்க வேண்டும், எந்தப் பிராணி எந்தக் குப்பையைக் கவனிக்கிறது என்று அட்டவணை போட வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். இந்த மாதிரி வேலையெல்லாம் உங்கள் தங்கையின் இலாகா. நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், எனக்குத் தெரிந்த விதத்தில் செய்தேன். மக்கும், மக்காது, மறுபடி உருக்கலாம், ஆபத்து என்று நாலு தொட்டிக்கு லேபிள் ஒட்டினேன். எங்கள் தொழிலில் கழற்றிய பாகத்தை உடனே தூக்கிப் போட மாட்டோம். புதுசு ஒழுங்காக ஓடும்வரை பழசு ஒரு டப்பாவில் கிடக்கும். அந்தப் பழக்கத்தில் ஐந்தாவதாக ஒரு தொட்டி வைத்து 'தெரியாது' என்று ஒட்டினேன். தப்பு அங்கேதான் நடந்தது. ஒரே வாரத்தில் மற்ற நாலும் அரைகுறை, ஐந்தாவது நிரம்பி வழிந்தது. உங்கள் தங்கையின் மூக்குக்கண்ணாடி, பாதி தீர்ந்த முகக் கிரீம், ஒற்றைச் செருப்பு, "உப்பு மறக்காதே" என்று அடிக்கோடிட்ட மளிகைச் சீட்டு. வாண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "அப்பா, இது?" என்பாள். "தெரியாது" என்பேன். டொக்கென்று உள்ளே விழும்.

பிரிட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். மக்கும் குப்பைக்காக மண்புழு வளர்த்தோம். வெயிலில் பெட்டி சூடாகி இரண்டு புழு செத்துப்போனதும் வாண்டு சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். இந்த வீட்டில் இன்னொரு சாவைத் தாங்க முடியாது என்று, நான் பெட்டியைக் காய்கறி டிராயரில் வைத்து, புழுக்களுக்குக் குளிராமல் இருக்க பிரிட்ஜைப் பன்னிரண்டு டிகிரிக்கு மாற்றினேன். பால் தினமும் திரிந்துபோகிறது. புழுக்கள் குடும்பம் குட்டியோடு இருக்கின்றன. எது லாபம் எது நஷ்டம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை மச்சான்.

அட்டவணையையும் நீங்க பாத்திருப்பீங்க, பிரிட்ஜ் கதவுலதான் ஒட்டியிருக்கு. பிராணி, வேலை, லீவு போட்டா என்ன ஆகும்னு மூணு கட்டம். காக்கா: செத்த எலியை எடுக்கும், லீவு போட்டா நாத்தம். மண்புழு: மண்ணு செய்யும், லீவு போட்டா செடி இல்ல. அதோட விட்டிருக்கலாம். கீழ இன்னும் ரெண்டு வரி சேத்துட்டா. அப்பா: லிஃப்ட், லீவு போட மாட்டார். அம்மா: எல்லாம், லீவு போட்டா... அந்தக் கட்டத்துல அஞ்சு தொட்டி வரைஞ்சிருக்கா. டீச்சர் அதுக்கு டிக்கும் போடல, தப்பும் போடல.

அடுத்தது பிரஷ். உங்க தங்கச்சியோட ஊதா கலர் பிரஷ் அஞ்சு மாசமா பாத்ரூம் கப்புலயே இருந்துச்சு. ஒரு நாள் வாண்டு அதை எடுத்துட்டு வந்து தொட்டிங்க முன்னாடி அரை மணி நேரம் நின்னா.

"அப்பா, இது மக்குமா?"

"மக்காது. பிளாஸ்டிக். நானூறு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும்னு சொல்றாங்க."

"நானூறு வருஷமா? அம்மா பிரஷ்ஷா?"

"ஆமா."

"சூப்பர்!" அப்படின்னுட்டு திரும்பக் கொண்டுபோய் கப்புலயே வச்சுட்டா. மறுநாள் கிளாஸ்ல பிளாஸ்டிக் நல்லதா கெட்டதான்னு கேட்டிருக்காங்க. எல்லாரும் கெட்டதுன்னு கத்துனாங்களாம், நம்ம வாண்டு மட்டும் எழுந்து நின்னு நல்லதுன்னு சொல்லி, உக்காரவே மாட்டேன்னுட்டாளாம். என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. நான் போய் டீச்சர் முன்னாடி அந்தச் சின்ன நாற்காலியில உக்காந்து, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சொன்னேன். டீச்சர் எனக்கே ஒரு புத்தகம் குடுத்து அனுப்பிச்சாங்க.

இப்ப செவ்வாய்க்கிழமை நடந்ததுக்கு வரேன். நான் அவசர போன் வந்து காலையிலயே வேலைக்கு ஓடிட்டேன், வாண்டு பள்ளிக்கூடம் போயிட்டா. ராத்திரி தங்கியிருந்த நீங்க நல்ல மனசோட வீட்டைக் கூட்டித் துடைச்சு, அஞ்சாவது தொட்டியை லேபிளோட மூட்டை கட்டிக் குப்பை வண்டியில ஏத்திட்டு ஊருக்குக் கிளம்பிட்டீங்க. சாயங்காலம் வந்து பாத்தா வீடு பளபளன்னு இருக்கு, கப்புல பிரஷ் இல்ல. வாண்டு அழல மச்சான். அழுதிருந்தா எனக்குச் சமாளிக்கத் தெரிஞ்சிருக்கும். ஷூவைக் கழட்டாம வாசல்லயே நின்னு, "வண்டி எங்க போகும்?"னு கேட்டா.

நேரா குப்பைக் கிடங்குக்கே போனோம். வண்டிக்காரர் வாண்டுக்குப் பழக்கம், தினமும் அவரைக் கேள்வி கேட்டே உயிரை எடுப்பா. அவர் சீட்டுக்கு அடியிலேர்ந்து நம்ம மூட்டையைப் பிரிக்காம அப்படியே எடுத்துக் குடுத்தாரு. "தெரியாதுன்னு எழுதியிருந்துச்சு சார். எனக்கும் தெரியல, அதான் கொட்டல." கண்ணாடி, செருப்பு, மளிகைச் சீட்டு எல்லாம் இருந்துச்சு. பிரஷ் மட்டும் இல்ல. சரின்னு மேட்டுல ஏறித் தேடினோம். நான் காக்காவை விரட்டப் போனேன். வண்டிக்காரர், "விரட்டாதீங்க சார், அதுங்கல்லாம் டூட்டில இருக்கு. நீங்கதான் ஓரமா நிக்கணும்"னாரு. காக்கா, கொக்கு, நாய், நான். கடைசில ஒரு ஊதா பிரஷ் கிடைச்சுது. வாண்டு ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தா.

"இது அம்மாது இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"இது யாரோ. ஆனா இதுவும் நானூறு வருஷம் தனியா கிடக்கும்ல? பாவம், வரட்டும்."

இப்ப அந்த யாரோ, வெந்நீர்ல ரெண்டு தடவை கொதிச்சு எங்க கப்புல இருக்காங்க. அதைப் பாக்கும்போதுதான் எனக்கு நீங்க சொன்னது சரின்னு பட்டுது. பிள்ளையோட அம்மா பிரஷ்ஷைக்கூட காப்பாத்தத் தெரியாதவன் பிள்ளையை எப்படிக் காப்பாத்துவேன்? உங்க மேல வருத்தம் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். தூக்கிப் போட்டது நீங்கதானேன்னு மூணு நாளா மனசுக்குள்ள உங்களோட சண்டை. ஆனா நீங்க அவளோட தாய்மாமன். உங்க வீட்டுல பிரிட்ஜுல பால் இருக்கும். ஞாயித்துக்கிழமை வாங்க. பையெல்லாம் கட்டி வச்சிட்டேன்.

தங்கள் குடும்பத்தார் அனைவரும் நோய் நொடியின்றி நீடூழி வாழவும், தங்கள் முழங்கால் மாடிப்படிக்குப் பயப்படாதிருக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவன் நிறுத்திட்டேன். வாண்டுவோட பையில ஜிப் சிக்கிக்கிச்சு. ஸ்க்ரூடிரைவர் எடுக்க என் கருவிப் பையில கையை விட்டா, ஓரத்துல ஊதா கலர் பிரஷ். கிரீஸ் அப்பிக் கிடக்கு. பழைய பிரஷ்ஷையெல்லாம் லிஃப்ட் கதவுல தூசி தட்ட உங்க தங்கச்சிதான் என் பையில போட்டு விடுவா. செவ்வாய்க்கிழமை காலையில போன் வந்த அவசரத்துல நானே அந்தப் பழக்கத்துல எடுத்துட்டுப் போயிருக்கேன். ஒரு பகல் முழுக்க அதால கதவு தேச்சிருக்கேன், கைக்குத் தெரியல. நீங்க அதைத் தொடவே இல்ல மச்சான். மன்னிக்கணும். வாண்டுகிட்ட காட்டினேன். மோந்து பாத்துட்டு, "அம்மாதுதான். டூட்டிக்குப் போயிருக்கு"ன்னா. அப்புறம் கட்டி வச்ச பையைத் திறந்து அடியிலேர்ந்து தன் பிரஷ்ஷையும் எடுத்துட்டுப் போய் கப்புல போட்டுட்டா. ஞாயித்துக்கிழமை மாமா வண்டியோட வராருன்னு சொன்னேன். "வரட்டும், மாமா எந்தத் தொட்டின்னு நான் பாத்துச் சொல்றேன்"ங்கறா. பிள்ளையை அனுப்பல மச்சான். இதுக்கு மட்டும் எனக்குப் பதில் உடனே வந்துடுச்சு. ஆனா நீங்க கட்டாயம் வாங்க, ரெண்டு நாள் இருங்க, பாலும் வாங்கிட்டு வாங்க. உங்க பிரஷ்ஷை மட்டும் பையிலயே வச்சுக்கணும். கப்புல ஏற்கெனவே நாலு பேர், இடமில்ல.