தொண்ணூற்று நான்கு எடுத்த இணையதளம்

நாமக்கல்லில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தொண்ணூறுக்கு மேல் எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் கால்கள் தானாக லட்டுக் கடைக்கு நடக்கும். எதற்குத் தொண்ணூறு என்று விசாரிக்க மாட்டோம். (விசாரித்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.)

கல்லூரி முடித்ததும், பெங்களூரு வேலை வேண்டாம், ஊரிலேயே இணையதளம் செய்து கொடுத்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று வீட்டில் சண்டை பிடித்தேன். "ஒரே ஒரு சைட்டு பண்ணு. அது ஓடுலீன்னா பொட்டியக் கட்டிக்கோணும்" என்றார் அப்பா. என்னை நம்பித் தலையைக் கொடுத்தவர் என் தாய்மாமா. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார்.

மாமாவுக்கு ஒரே நிபந்தனைதான். "வர்றவங்கள மொறையா வரவேத்துத்தான் உள்ள உடோணும், சாமி."

முறை என்றால் எங்கள் பக்கத்துக் கல்யாண முறை. முதல் பக்கத்தில் குலதெய்வம், கும்பிட்டபடி மாமாவும் அத்தையும், பிறகு பங்காளிகள், சம்பந்திகள் என்று ஆளுயரப் படங்கள். திரையில் விரல் பட்டால் நாதஸ்வரம். இவ்வளவையும் தாண்டிப் போனால் அடுத்த பக்கத்தில் லாரி. பன்னீர் தெளிக்க மட்டும்தான் எனக்கு வழி தெரியவில்லை.

சில வாரம் கழித்து, பார்வையாளர் கணக்கைக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். 'பவுன்ஸ் ரேட் 94%' என்றிருந்தது. மேற்கொண்டு எதையும் படிக்கவில்லை. மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, நம்ம சைட்டு தொண்ணூத்தி நாலு பர்சன்ட்டுங்க!"

"அடேங்கப்பா! என்ற புள்ள கூட இவ்வளவு எடுத்ததில்லியே!"

மறுநாள் பட்டறை வாசலில் என் படம் போட்ட ஃப்ளெக்ஸ் பேனர். 'எங்கள் வீட்டுப் பெண் 94% பெற்று சாதனை!' நான் அதன் கீழேயே நின்று, வந்தவர்களுக்கெல்லாம் லட்டு நீட்டினேன். அப்பாவும் வந்திருந்தார். அப்போது புதுச்சத்திரத்து லாரிக்காரர் ஒருவர் பாடி கட்ட விலை கேட்க வந்தார். விசேஷம் என்னவென்று கேட்டுக்கொண்டே லட்டைக் கடித்தார். மாமா பெருமையாகச் சொன்னதும், லாரிக்காரர் லட்டை மென்றபடியே ஆரம்பித்தார்.

"அந்த சைட்டுங்களா? நேத்து ஒரு எளவூட்டுல உக்காந்து தொறந்தனுங்க. பீப்பீன்னு நாதஸ்வரம்! பொணத்தத் தவர அத்தன பேரும் என்னையத்தான் பாத்தாங்க. லாரியக் கண்ணுலயே பாக்குல. மூடிட்டு ஓடியாந்துட்டனுங்க."

பாதி கட்டிய லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பவுன்ஸ் ரேட் என்றால் என்ன என்று போனில் தேடினேன். உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் வேறெதையும் பார்க்காமல் வந்த வழியே திரும்பினார்கள் என்ற கணக்காம் அது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேரை விரட்டிவிட்டு லட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். பெங்களூரு பஸ் கண்ணில் தெரிந்தது.

மாமாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். வரவேற்பை எடுத்துவிடலாம் என்றதும் முகம் சிவந்தார். "கும்புடாம உள்ள உடறதா? நம்மூட்டுல அப்படிப் பழக்கமில்ல."

"சரிங்க மாமா. உங்க போன்ல நீங்களே தொறந்து, ஒரு டிப்பர் லாரியக் காட்டுங்க பாக்கலாம்."

திறந்தார். கனமான படங்கள் அங்குலம் அங்குலமாக இறங்க, ஒருவழியாகச் சம்பந்தியின் தலைமுடி வந்தது. வெகுநேரம் கழித்து நெற்றி வந்தது. மீசைக்காகக் காத்திருந்தபோது வெல்டர் கூப்பிட, போனைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்பறம் பாத்துக்கலாம், சாமி" என்று நகர்ந்தார்.

"மாமா! இப்ப நீங்களும் அந்தத் தொண்ணூத்தி நாலுல சேந்துட்டீங்க!"

நின்றார். பேனரைப் பார்த்தார். பட்டறையே அதிரச் சிரித்தார். "லாரியவே மொதல்ல நிறுத்து. நாங்க கடைசில நின்னு கும்புட்டுக்கறோம்."

படங்களைச் சுருக்கினேன். நாதஸ்வரத்தை நிறுத்தினேன். திறந்ததும் பளிச்சென்று ஒரு டிப்பர், அதன் கீழே விலை விவரத்துக்கும் போனுக்கும் பொத்தான்கள். கணக்கு மளமளவென்று இறங்கியது. பட்டறைக்கு வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் அழைப்பு வர ஆரம்பித்தது. பவுன்ஸ் ரேட் முப்பத்து நான்கைத் தொட்ட அன்று லட்டு வாங்கி வந்தவர் அப்பா. பாஸ் மார்க்குக்கு ஒன்று குறைந்ததற்கு நாமக்கல்லில் லட்டு கொடுத்த ஒரே குடும்பம் நாங்கள்தான். பெங்களூரு பேச்சு அதோடு போனது. இன்று என் அலுவலகத்தில் நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமைதான்.

ஆனால் போன மாதம், என்னை அண்ணி என்று கூப்பிடும் மாமா மகள் கணக்குப் பரீட்சையில் முப்பத்து நான்கு வாங்கிவந்து, அத்தை கையை ஓங்கியபோது அசராமல் கேட்டாளாம்: "அண்ணி முப்பத்தி நாலு வாங்குனப்ப மட்டும் லட்டு குடுத்தீங்க?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் மார்க் குறைந்தாலும் திட்டு எனக்குத்தான் விழுகிறது.