வேங்கையப்பர் போட்டுக் கொடுத்த புல்

ஒரு காட்டில் கால்பந்து மைதானம் ஒன்று இருந்தது. மழையில் சேறு, வெயிலில் புழுதி. விழுந்தால் தோல் உரியும். தட்டிவிட்டு எழுந்து ஆடலாம். இதைப் பார்த்து மனம் உருகிய வேங்கையப்பர் என்ற புலி, அன்பளிப்பாகச் செயற்கைப் புல் போட்டுக் கொடுத்தார். புலிக்கு எதற்குக் கால்பந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. சும்மா கிடைப்பதை யார் கேள்வி கேட்பார்கள்? சுற்றிலும் அவர் பல்லைக் காட்டிச் சிரிக்கும் பேனர்கள் வேறு.

புல் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் ஓடுகிற வேகத்தில் திரும்பினால் உடம்பு திரும்பும், குளம்பு திரும்பாது. பிளாஸ்டிக் இழையில் மாட்டிக்கொள்ளும். ஒரே மாதத்தில் மான்கள் அணியில் மூவருக்கு முட்டி போயிற்று. வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி மூவரையும் வேங்கையப்பரே அழைத்துப் போனார். மூவரும் வீடு வந்து சேரவில்லை.

அணித் தலைவி பவளமணி, விளையாட்டுச் சங்கச் செயலாளர் நரி மாசிலாமணியிடம் போனாள்.

"சார், அந்தப் புல்லை எடுத்துடுங்க. எங்களுக்கு முட்டி போனா ஆட்டம் மட்டுமா போகுது? உயிரே போகுது."

"ஃபாரம் எழுதிக் குடும்மா. காயத்துக்குக் காரணம்னு மூணு கட்டம் இருக்கு பாரு. கவனக்குறைவு, பழைய காயம், விதி. எதையாவது டிக் பண்ணு."

"தரைன்னு கட்டமே இல்லையே சார்?"

"தரை என்னம்மா பண்ணும்? ஓடுறது நீங்கதானே."

பவளமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த முட்டி போனால்தான் வேங்கையப்பருக்குப் புரியும் என்று முடிவுகட்டினாள். இறுதிப் போட்டிக்கு வேங்கையப்பரையே சிறப்பு விருந்தினராக அழைத்தாள்.

"முதல் உதை நீங்கதான் உதைக்கணும் ஐயா. ஓடி வந்து உதைச்சீங்கன்னா போட்டோ நல்லா வரும்."

போட்டோ என்றதும் பெரியவர் பொன்னாடையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். நகம் புல்லில் மாட்டியது. முட்டியில் மளுக்கென்று ஒரு சத்தம். அத்தனை பேர் முன்னால் பூனைக்குட்டி மாதிரி கத்தினார். பவளமணிக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். நாளைக்கே புல்லைப் பிடுங்கிவிடுவார்கள்!

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே வேங்கையப்பர் மைக்கைக் கேட்டு வாங்கினார். இனி எதையும் ஓடிப் பிடிக்க முடியாது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சம் யோசித்தார்.

"விளையாட்டு வளரணும். மைதானத்தோட நின்னுடக் கூடாது. குளத்தங்கரை, மேய்ச்சல் வெளி, மான்கள் வீட்டுக்குப் போற பாதை, எல்லா இடத்துலயும் இதே புல்லைப் போட்டுத் தர்றேன்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. மாசிலாமணி எழுந்து நின்றே தட்டினார்.

நீதி: மான்களே, உங்கள் முட்டி போனாலும் பரவாயில்லை, புலியின் முட்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.