பர்கர் தின்ற அகதி

கனடாவின் ஸ்காபரோவில் வழக்கு இல்லாத மனிதனை அப்புக்காத்தர் மனிதனாகவே மதித்ததில்லை. யாரையாவது அறிமுகம் செய்துவைத்தால் பெயரைக் கேட்கமாட்டார். "உமக்குக் கேஸ் என்ன மாதிரி?" என்றுதான் கேட்பார். கேஸ் வென்று குடியுரிமையும் எடுத்துவிட்டேன் என்று அந்த ஆள் சொன்னால், செத்த வீட்டில் விசாரிப்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "எப்ப நடந்தது?" என்பார்.

அப்புக்காத்து என்றால் எங்கள் ஊரில் வழக்கறிஞர். இவர் சட்டம் படித்தவரல்ல. மல்வேர்னில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரித்தார். ஆனால் அதற்கும் டை என்கிற கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டுதான் போவார். அகதி விசாரணைக்குப் போகிறவர்களைப் பழக்கி அனுப்புவது அவருடைய தொண்டு. காசு வாங்காததால் யாராலும் மறுக்க முடியவில்லை. அவரிடம் பழகியவர்களில் பாதிப் பேர் வென்றார்கள். பழகாதவர்களிலும் பாதிப் பேர் வென்றார்கள். முதலாவது தன்னுடைய கெட்டித்தனம், இரண்டாவது அதிகாரியின் கவனக்குறைவு என்பார். அவருடைய சொந்தக் கேஸ் மட்டும் பல வருடங்களாக முடியாமல் இழுபட்டது.

அவரும் நானும் ஒரே வீட்டின் பேஸ்மென்றில், நிலக்கீழ்த் தளத்தில், ஆளுக்கொரு அறையில் இருந்தோம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பல நாடுகளையும் சில சிறைகளையும் கடந்து அங்கே வந்து சேர்ந்தவன். மூன்றாவது அறை காலியானபோது நான்தான் வெஸ்லியைக் கூட்டிவந்தேன். தளபாடக் களஞ்சியத்தில் என்னோடு சோபா தூக்குகிற பொடியன். நெப்ராஸ்காக்காரன். அமெரிக்க இராணுவத்தில் ஈராக்குக்கு ஒருமுறை போய்வந்தவன். மறுபடி அனுப்பப்போகிறார்கள் என்றதும் ஓடிவந்து கனடாவில் அகதி அந்தஸ்துக் கேட்டிருந்தான். தோற்றால் திருப்பி அனுப்புவார்கள். அங்கே அவனுக்குச் சிறை காத்திருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அப்புக்காத்தரின் கண் கலங்கிவிட்டது.

"அமெரிக்காவிலையிருந்து அகதி. டேய், இப்பிடி ஒரு கேஸ் என்ரை வாழ்க்கையிலை வரேல்லையடா."

அன்றைக்கே பயிற்சி தொடங்கியது. பேஸ்மென்றின் சலவை மெஷின்தான் நீதிபதி மேசை. அப்புக்காத்தர் அதற்குப் பின்னால் நிற்பார். மேல்வீட்டு அன்ரி துணி துவைக்க வந்தால் விசாரணை ஒத்திவைக்கப்படும். அவருடைய ஆங்கிலம் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் விளங்கியது. நான் தமிழில் தருகிறேன்.

"நாட்டை விட்டு எப்பிடி வெளிக்கிட்டனீர்?"

"காரிலை, மிஸ்டர் அண்ணை." நான் அண்ணை என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்திருந்தான்.

"கூட்டிவந்த ஏஜென்ற் ஆர்?"

"ஒருத்தருமில்லை. பாலத்தாலை வந்தனான்."

"காடு?"

"இல்லை."

"கடல்?"

"பாலத்துக்குக் கீழை ஆறு இருந்தது."

"சரி, அதையாவது சொல்லும். வழியிலை எத்தினை நாள் பட்டினி?"

வெஸ்லிக்குப் பொய் வராது. நன்றாக யோசித்துப் பார்த்தான். "பட்டினி இல்லை. பஃபலோவிலை நிப்பாட்டி ஒரு பர்கர் சாப்பிட்டனான்."

அப்புக்காத்தர் நீதிபதிப் பதவியிலிருந்து இறங்கி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, பர்கர் திண்ட அகதியை நான் கேள்விப்பட்டதில்லை. பர்கரை விடு."

"ஆனால் சாப்பிட்டனான்."

"சாப்பிடேல்லை எண்டு ஆர் சொன்னது? விடு எண்டுதான் சொல்லுறன்."

அடுத்து, ஊர் விதானையாரிடம், அதாவது கிராம அதிகாரியிடம், கடிதம் எடுத்துவரச் சொன்னார். எங்கள் ஆட்கள் எல்லோரும் கொடுக்கிற கடிதம். நெப்ராஸ்காவில் விதானையார் கிடையாது என்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை. இவ்வளவு பெரிய நாட்டை விதானையார் இல்லாமல் எப்படி ஆளுகிறார்கள் என்று கேட்டார்.

இதற்கிடையில், ஈராக்கை விட்டு அமெரிக்கா வெளியேறுவதா, கொஞ்சப் படையை விட்டுவைப்பதா என்று தொலைக்காட்சியில் பெரிய வாக்குவாதம். பிளாசாவில் இருந்த டோனட் கடையில் எங்கள் ஆட்களுக்குள்ளும் அதே வாக்குவாதம். அந்தச் சண்டை தொடங்கிய நாளிலிருந்தே அப்புக்காத்தர் அதற்கு எதிரி. பனிக்குள் ஊர்வலம் போய்க் காது விறைத்துத் திரும்பியவர். படைகள் வெளியேறுவது நிச்சயமானதும், அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடப் போனோம்.

"இப்ப என்ன அவசரம்?" என்றார்.

ரக்சிக் கார் ஓட்டுகிற செல்வம் கோப்பையைக் கீழே வைத்தான். "என்னண்ணை, நீங்கள்தானே போ போ எண்டு தொண்டை கிழியக் கத்தினீங்கள்?"

"போகட்டும். வேண்டாம் எண்டனானே? ஆறுதலாப் போகட்டும். விசாரணை முடியுமட்டும் நிண்டால் என்ன குறைஞ்சு போகும்?"

"ஆற்றை விசாரணை?"

"எங்கடை பொடியன்ரை."

"அப்ப அவங்களுக்கு ஒருக்கா ஃபோன் அடிச்சுச் சொல்லுங்கோவன், அண்ணை."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எங்கள் நாட்டில் சண்டை முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகு எங்கள் ஆட்களிடம் அதிகாரிகள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: சண்டைதான் முடிந்துவிட்டதே, இனித் திரும்பிப் போனால் என்ன? அப்புக்காத்தரின் கேஸை முதல் தரம் விழுத்தி அப்பீலில் இழுபடவைத்ததும் அந்தக் கேள்விதான்.

"சண்டை நடக்கேக்கை ஓடினவனுக்கு ஒரு மதிப்பு இருக்கு," என்றார். "முடிஞ்சிட்டால் அவன் சும்மா வேலைக்குப் போகாதவன்."

அதிலிருந்து செய்தி நேரத்தில் எங்கள் சோபாவில் இரண்டு கட்சி. இராணுவ வண்டிகள் வரிசையாக எல்லையை நோக்கிப் போகிறபோது அப்புக்காத்தர் "ஆறுதலா, ஆறுதலா" என்பார். வெஸ்லி மறுபக்கத்தில் உட்கார்ந்து "போங்கோ, போங்கோ" என்பான். ஒருநாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"தம்பி, நீ ஆற்றை பக்கம்?"

"என்ரை சிநேகிதர் அங்கை நிக்கினம், மிஸ்டர் அண்ணை. அவங்கள் வீட்டை போகவேணும்."

"அவங்கள் வீட்டை போனால் நீ மறியலுக்குப் போவாய், ஜெயிலுக்கு. விளங்குதோ?"

"ஓம்," என்றான் வெஸ்லி. ஆம் என்பதற்கு நாங்கள் சொல்கிற அதுதான் அவன் எங்களிடம் படித்த ஒரே தமிழ்ச் சொல்.

அப்புக்காத்தர் தொலைக்காட்சியை வேறு சனலுக்கு மாற்றினார். அங்கேயும் அதே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

விசாரணை தள்ளித் தள்ளிப்போய், கடைசி வண்டியும் எல்லையைத் தாண்டிய பிறகுதான் வந்தது. வெஸ்லி கேட்டுக்கொண்டதால் எங்களையும் உள்ளே உட்காரவிட்டார்கள். சண்டை முடிந்துவிட்டதே, இனி என்ன என்று அதிகாரி கேட்டார். இதற்கென்று சலவை மெஷின் முன்னால் எத்தனையோ பதில்கள் பழக்கியிருந்தோம். வெஸ்லி, "முடிந்தது எனக்குச் சந்தோஷம்" என்றான். எப்படி வந்தாய் என்று கேட்டபோது பர்கரையும் சொன்னான். என் பக்கத்தில் அப்புக்காத்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

தோற்றான். அவனுடைய வக்கீல் பல சட்டக் காரணங்களை விளக்கினார். அப்புக்காத்தர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வெளியே வந்து என்னிடம், "பர்கராலைதான்" என்றார்.

புறப்படவேண்டிய நாளில் நான் ஒரு வான் வண்டியை இரவல் வாங்கி அவனையும் அப்புக்காத்தரையும் எல்லைக்குக் கொண்டுபோனேன். சமாதானப் பாலம் என்பது அந்தப் பாலத்தின் பெயர். பெயர் வைத்தது நானல்ல. அதில் காலை வைக்க எனக்கும் அப்புக்காத்தருக்கும் கடதாசி இல்லை. அவர் பிட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக் கொண்டுவந்திருந்தார். "மறியல் சாப்பாடு முதலிலை வயித்துக்குப் பிடியாது. பிறகு பழகிடும்," என்றார். நானும் ஓமென்றேன். அது உண்மை. பிறகு தன் கழுத்துப்பட்டியைக் கழற்றி வெஸ்லிக்குக் கட்டிவிட்டார். "அங்கை கோட்டு விசாரணைக்கு உது இல்லாமல் போகாதை."

வெஸ்லி பாலத்தில் நடந்து போனான். அப்புக்காத்தர் வெறுங்கழுத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"வரேக்கையும் உப்பிடி நடந்து வந்திருந்தால் கேஸ் வெண்டிருக்குமடா."

திரும்பும் வழியில் ஒரு பர்கர் கடையைக் கண்டதும், "நிப்பாட்டு" என்றார். அவர் மாடு தொடமாட்டார். கோழி பர்கர் வாங்கினேன். வாழ்க்கையில் முதல் முறையாக இரண்டு கையாலும் பிடித்து, மேசையில் விழுந்த இலைத் துண்டுகளையும் பொறுக்கி, கடைசி வாய்வரை தின்று முடித்தார்.

"உது பெரிய சாமானடா," என்றார். "அவன் முழுசாத் திண்டவனோ?"

"முழுசா எண்டுதான் சொன்னவன், அண்ணை."

எண்ணெய் படிந்த தாளை நாலாக மடித்து வைத்தார்.

"பாவம்," என்றார். "பொடியன் நல்ல பசியிலைதான் வந்திருக்கிறான்."