இரவல் இருமல்

ஆக்லாந்தில் அரசாங்கத்தை முழுசாக நம்பிய ஒரே மனிதர் பெட்டிசம் அண்ணைதான். அவர் பட்ட பாட்டைப் பார்த்தபின் நான் எந்த அரசாங்கத்தையும் நம்புவதில்லை.

நாம் மனு என்பதை யாழ்ப்பாணத்துக்காரர்கள் பெட்டிசம் என்பார்கள். அண்ணை அங்கே கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காக இருந்தவர். பஸ் லேட்டா? பெட்டிசம். தெருமுனை டெய்ரிக் கடையில் வாங்கிய ப்ரெட் காய்ந்திருந்ததா? பெட்டிசம். மழை வராது என்று ரேடியோவில் கேட்டு, குடையில்லாமல் போய் நனைந்த அன்று வானிலை நிலையத்துக்கு மூன்று பக்கம். எல்லாமே 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்று முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இருவரும் நியூ லின் பகுதியில் ஒரு செருப்பு ஃபாக்டரியில் இருந்தோம். வெளிநாட்டுக் கம்பெனி. அவர் பெட்டி அடுக்குவார். நான் பசை தடவி ஒட்டுவேன். பசை அறையில் ஃபேன் செத்துக் கிடந்தது. மேனேஜரிடம் சொன்னால் ஜன்னலைத் திற என்பான். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. எனக்கு இருமல் பிடித்தது. விடவே இல்லை.

வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்க, அவற்றின் மேல் புகார் வாங்க, தலைநகர் வெலிங்டனில் ஓர் அரசாங்க அலுவலகம் இருப்பதை அண்ணை கண்டுபிடித்தார். பெட்டிசம் போனது. பதிலும் வந்தது. தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"தம்பி! 'நோட்டட்' எண்டு எழுதியிருக்கிறாங்கள்!"

"அப்படின்னா என்னண்ணே?"

"கச்சேரியில பெரியவர் ஃபைலில நோட்டட் எண்டு போட்டா, அடுத்த நாள் ஆள் போகும். விளங்குதோ?"

ஆளுக்காகக் காத்திருந்தோம். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு 'படித்தாயிற்று, போய்த் தூங்கு' என்று அர்த்தம். ஏழு பெட்டிசம் போட்டார். ஏழு நோட்டட் வந்தது.

எட்டாவதுக்கு ஒரு கேள்வி வந்தது. பாதிக்கப்பட்டவர் பெயர் என்ன? கம்பெனிக்கும் காட்டுவோம்.

என் விசா அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"என் பேரை மட்டும் போட்டுடாதீங்கண்ணே. கும்பிடுறேன்."

கொஞ்சம் யோசித்தார். "சரி, உம்மட இருமலை ஒருக்கா இருமிக் காட்டும்."

"எதுக்கு?"

"காட்டுமன்!"

இருமினேன். அவரும் இருமினார்.

"இது சளி இருமல்ண்ணே. நமக்கு வறட்டு இருமல்."

லஞ்ச் முழுக்கப் பழகினார். சாண்ட்விச்சைத் தொடவில்லை.

வெலிங்டனிலிருந்து அதிகாரி வந்தார். மேனேஜர் அறையில் கூட்டம். அண்ணை தன் பெயரில் என் இருமலை இருமினார். அதிகாரியே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாராம். மேனேஜர் ஒரே கேள்விதான் கேட்டான்: பெட்டி அடுக்குகிறவனுக்கு ஏது பசை?

நான் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன். கதவைத் திறந்து ஒரு தடவை இருமியிருந்தால் போதும். கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

பொய்ப் புகார் என்று அன்றே அவரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சுவருக்கு அங்கால கேட்டதோ தம்பி? வறட்டு இருமல்தானே?"

"ஆமாண்ணே. அப்படியே இருந்துச்சு."

சிரித்துக்கொண்டே போனார்.

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கான விதிகள் கட்டாயமில்லை, இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று வெலிங்டன் எழுதியது. ஃபேன் கடைசிவரை ஓடவில்லை. ஃபாக்டரிதான் வேறு நாட்டுக்கு ஓடியது. எனக்கு விசா வந்தது.

இருமல் இன்னும் இருக்கிறது. ஆனால் அண்ணை அளவுக்கு எனக்கு இரும வராது.