நேத்தே பார்த்துட்டேன்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. ஒருமுறை பார்த்ததை மறுமுறை பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்று நம்பும் இனம். வேப்பூரில் பஸ் நிற்குமா என்று கேளுங்கள், “நேத்து நின்னுச்சே” என்பார்கள். சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா? “நேத்து எரிஞ்சுதே.” இவர்களைப் பொறுத்தவரை உலகம் நேற்றோடு மாறுவதை நிறுத்திக்கொண்டது.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் இந்த இனத்தின் தலைமகன் கலியமூர்த்தி. கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர். சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர், காதில் புளூடூத், நெற்றியில் விபூதி, வாயில் தீர்ப்பு. கோளாறு என்னவென்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் “ஃபார்மேட் பண்ணிடலாம்” வந்துவிடும்.

தேவநாதனின் பொம்மைப் பட்டறைக்கும் அவர்தான் வைத்தியர். தேவநாதன் இறந்து இருபது நாள் ஆகிறது. அவருடைய கம்ப்யூட்டரில் ஒன்றுக்கொன்று நகலாக இரண்டு டிஸ்க். அதில் ஒன்று செத்துவிட்டது. மிச்சமிருந்த ஒன்றில்தான், ஒவ்வொரு சூளைக்கும் சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று ஆறு வருடமாக அவர் தன் குரலிலேயே பேசி வைத்ததெல்லாம் இருந்தது. வேறெங்கும் இல்லை. நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று சென்னையிலிருந்து மகள் பூர்ணிமா வந்து இறங்கியபோது, நேற்றுப் புது டிஸ்க்கை மாட்டிவிட்டுப் போன கலியமூர்த்தி, அதில் இருப்பதை அழித்துத் துடைத்து, பழையதோடு ஜோடி சேர்க்க உட்கார்ந்திருந்தார்.

“மெஷின் வச்ச பேருல பழைய டிஸ்க்கு எஸ்டிஏ, புதுசு எஸ்டிபி. தொடைச்சிடறேன் தங்கச்சி.”

“காலையில ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களாண்ணே?”

“பின்ன?”

“அப்ப பேரு மாறியிருக்கும். எது முதல்ல கண்ணு முழிக்குதோ அதுதான் எஸ்டிஏ. சீரியல் நம்பரப் பாருங்க.”

“நேத்தே பார்த்துட்டேன்.”

பொம்மைக்குச் சாயம் பூசும் கமலம் தலையைத் தூக்கினாள். “சுடாத பொம்மை அத்தனையும் வெள்ளைதாண்ணே. அடியில கீறுன குறியப் பாக்காம யாராவது சூளையில அடுக்குவாங்களா?”

கலியமூர்த்தியின் விரல் என்டர் பட்டன்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. பூர்ணிமா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சீரியல் நம்பரைக் கேட்டாள், மெஷின் சொன்னது. எஸ்டிபி புதுசு இல்லை. அப்பாவின் குரல்.

கலியமூர்த்தி வெட்கப்பட்டாரா? இந்த இனத்துக்கு அந்த உறுப்பே கிடையாது. “நேத்து இது இப்படி இல்லியே,” என்று மெஷினைக் குற்றம் சொன்னார். ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பையில் செருகினார். கிளம்பினார்.

பூர்ணிமா முதலில் நகல் எடுத்தாள். பிறகு, மெஷின் எழும்போது படிக்கும் பட்டியலில் எஸ்டிஏ, எஸ்டிபி எல்லாவற்றையும் அடித்துவிட்டு, டிஸ்க்கோடு பிறந்து மாறாத நீள எண்களை எழுதினாள். ஐந்து முறை அணைத்துப் போட்டாள். ஐந்து முறையும் எழுந்தது. இவ்வளவு நாள் பாதி காலைகளில் மெஷின் கறுப்புத் திரையோடு நின்றதற்கும் இந்தப் பெயர் மாறாட்டம்தான் காரணம்.

கமலம் டீ கொண்டுவந்து வைத்தாள். ரொம்ப நாளாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

“அப்பாவுக்கு மூச்சு வாங்குதுன்னு போன் பண்ணேனேம்மா. ஏன் உடனே வரல?”

“முந்தின நாள்தான் பேசுனேன்க்கா. நல்லாத்தான் இருந்தாரு.”

நீங்கள் அப்படியில்லை, தெரியும். ஊருக்கு எப்போது பேசினீர்கள்? நேற்றுத்தானே? நல்லாத்தானே இருந்தார்கள்?