மல்கிரேவில் வுல்வரின்

ஆஸ்திரேலியாவில் வுல்வரின் கிடையாது என்று சொல்பவர்கள் மல்கிரேவில் நம்மவர் புது வீடு புகும் ஒரு குடிபூரலுக்கும் போனதில்லை என்று அர்த்தம்.

வுல்வரின் பனிநாட்டு மிருகம். பார்த்தால் கரடிக்குட்டி, ஆனால் நீர்நாய்க்கும் மரநாய்க்கும் சொந்தம். நடுத்தர நாயளவுதான் இருக்கும். இருந்தும் கரடி தின்றுகொண்டிருக்கும் இறைச்சிக்கு முன்னால் போய் நின்று உறுமும். சில வேளை கரடியே, இது என்ன தொல்லை என்று எழுந்து போய்விடும். தின்றது போக மிச்சத்தைப் பனியில் புதைத்து, பிறர் தொடாதிருக்க அதன்மேல் நாற்றத்தைப் பீச்சி வைக்கும். நம்மவரிடம் பனி இல்லை. கராஜில் பெரிய ஃப்ரீசர் இருக்கிறது.

நம்மூர் இனத்தை அடையாளம் காண்பது எளிது. கைப்பை பெரிது, உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய ஐந்து ஐஸ்கிரீம் டப்பாக்கள். "எனக்குப் பசியே இல்லை பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே குசினிக்குள் நுழையும். சொந்தங்களும் கூட வரும். கடல்நீர்நாய் தனக்குப் பிடித்த கல்லைக் கமக்கட்டில் வைத்திருக்கும். எந்த விருந்திலும் நம் விக்னராஜா தன் ஊறுகாய்ப் போத்தலை அப்படித்தான் இடுக்கியிருப்பார். ஸ்டோட் என்ற குட்டிப் பிராணி முயலின் முன் கூத்தாடும். முயல் வாய்பார்த்து நிற்கையில் கவ்வும். விக்னராஜாவின் மனைவி புது வீட்டின் தரை ரைல்ஸைப் புகழ்ந்தபடியே ஒரு தட்டு வடையை முடிப்பார்.

எங்கள் தெருக் கல்யாணியின் குடிபூரலுக்கு நான் விருந்துண்ணப் போகவில்லை. நான் பராமரிக்கும் இரத்தினசிங்கம் ஐயா, வயது தொண்ணூற்றொன்று, நாலு நாளாகச் சாப்பாட்டுக்கு வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் ஆஸ்பத்திரி. போனால் திரும்ப மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பை கட்டியாகிவிட்டது. அன்று காலை மட்டும், "கல்யாணி வீட்டுப் புக்கை எண்டால் ரெண்டு வாய் தின்னுவன்" என்றார்.

நான் போனபோது பொங்கல் பானை வழித்துத் துடைத்துக் கிடந்தது. பக்கத்தில் பெரிய கைப்பையோடு பத்மா. நாலு டப்பா நிறைந்துவிட்டது. அவற்றில் மூன்றில் விரலை விட்டு நக்கி ருசி பார்த்து மூடினாள். இனி அதை யார் கேட்பார்? நாற்றம் பீச்சுவதைவிட இது சுத்தமான முறைதான்.

"பத்மா, ஒரு டப்பா தாரும். இரத்தினசிங்கம் ஐயாவுக்கு."

"ஐயோ அக்கா, இது பேரப்பிள்ளையளுக்கு."

"அதுகள் பீட்சா தவிர ஒண்டும் தின்னாதுகள்."

"இனிப் பழகுவினம்."

மறதி நோயாளியோடும் வுல்வரினோடும் வாதாடக்கூடாது; கவனத்தைத் திருப்ப வேண்டும். முப்பது வருடத் தொழில் இது.

"பின்வளவிலை சூடா வடை இறக்கினம்" என்றேன்.

ஐந்தாவது டப்பாவோடு பறந்தாள். விரல் படாத டப்பாவை நான் எடுத்தேன். திருட்டா? சிகிச்சை.

ஐயா வீட்டுக்கு வந்து, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, புக்கையைச் சூடாக்கிப் பாலில் மசித்துக் கொடுத்தேன். ஒரு கரண்டி. இரண்டு. மூன்றாவதை அவரே கேட்டார். அரை டப்பா இறங்கியது. மிச்சத்தை நாளைக்கு வைப்போம் என்று கையை நீட்டினேன். எலும்பும் தோலுமான கை டப்பாமேல் விழுந்தது. மனிதர் உறுமினார்.

"ஃப்ரீசருக்கை, பட்டாணிக்குப் பின்னாலை வையும் பிள்ளை. என்ரை மகளுக்கும் சொல்லாதையும்."

ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்து உடுப்புகளை அலுமாரியில் அடுக்கினேன்.

மாலையில் பத்மா தொலைபேசியில் கத்தினாள். "அக்கா, ரெண்டு டப்பாவைக் காணேல்லை!"

அது உண்மைதான். கல்யாணி வீட்டிலிருந்து வெளியே வரும்போது இன்னொன்றையும் எடுத்திருந்தேன். விரல் பட்டதுதான், ஓரத்தைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு, என் வீட்டு ஃப்ரீசரில் மீன் பொதிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவசரத்துக்கு.

சிரிக்க வேண்டாம். எழுந்து போய் உங்கள் ஃப்ரீசரில் இருக்கும் ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியைத் திறவுங்கள். உள்ளே ஐஸ்கிரீம்தான் இருக்கிறது என்றால், இதெல்லாம் உங்களைப் பற்றியதல்ல.